பாறைக்காட்டில் ஒரு ‘போறேன்’

பயப்படுவதற்குப் பரிசு கொடுக்கும் வழக்கம் எங்காவது இருந்தால், தம்பி வருஷாவருஷம் மேடையேறியிருப்பான். லிப்ட் பழுதுபார்க்கிறவன் அவன். வடம் அறுந்தால் என்ன, பிரேக் பிடிக்காவிட்டால் என்ன, கதவு பாதி மாடியில் திறந்துகொண்டால் என்ன என்று பகல் முழுக்க யோசிப்பதற்குத்தான் கம்பெனி அவனை வைத்திருந்தது. மற்றவர்கள் வேலை முடிந்ததும் அந்த யோசனையைக் கருவிப்பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இவன் அதைச் சாப்பாட்டுத் தட்டுவரைக்கும் கொண்டுவருவான். வேலையிடத்தில் அவனுக்கு ‘இன்னொருதரம்’ என்று பட்டப்பெயர். எல்லாம் முடுக்கி, துடைத்து, மூடியான பிறகும், “எதுக்கும் இன்னொரு தரம் பாத்துடலாம்” என்பான்.

அவனுடைய அக்கா பல் செய்கிறவள். பல் மருத்துவர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சில் பிளாஸ்டர் மாவு ஊற்றி, ஈறு வார்த்து, ஒவ்வொரு பல்லாக நட்டு, ராவி, மெருகேற்றி அனுப்பும் கூடத்தில் அவளுக்கு ஜன்னலோர மேஜை. எதிரே வரிசையாக யார் யாருடைய வாய்களோ திறந்தபடி இருக்கும். “ஊர்ல பாதிப் பேர் சிரிக்கிறது என் கைவேலை” என்று பீற்றிக்கொள்வாள். வாய்த்துடுக்கு அதிகம். தம்பியைச் சின்ன வயதிலிருந்து கிண்டல் செய்தே வளர்த்தவள் அவள்தான்.

அப்படிப்பட்டவளின் வாயை ஒரே காலையில் மூடிவிட்டுப் போய்விட்டார் அவள் புருஷன், மாமா. முகம் மழித்துக்கொண்டிருந்தவர், பாதிக் கன்னத்தில் நுரையோடு அப்படியே சரிந்தார். அதற்குப் பிறகு அக்கா வேலைக்குப் போகவில்லை. யாரோடும் பேசவில்லை. பிள்ளைகளும் கிடையாது. ஒரு சாயங்காலம், கொட்டுகிற மழையில் அவள் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரை ஒட்டி நின்றுகொண்டிருக்கிறாள் என்று கீழ்வீட்டு அம்மா தம்பிக்குப் போன் செய்தார். தம்பி அலறியடித்துக்கொண்டு ஓடினான். அவன் போய்ச் சேர்ந்தபோது அக்கா வீட்டுக்குள் உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டிருந்தாள்.

“துணி எடுக்கப் போனேன்டா” என்றாள்.

தம்பி அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். கேட்டால் எங்கே உண்மையைச் சொல்லிவிடுவாளோ என்று பயந்துதான் கேட்கவில்லை. கையோடு அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டான்.

கூட்டிவந்தவன் சும்மா இருந்தானா? குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றினான். துருப்பிடித்துவிட்டதாம். மொட்டை மாடிக் கதவுக்குப் புதுப் பூட்டு. பூனை வருகிறதாம். சமையலறைக் கத்திகள் மனைவியின் புடவை அலமாரிக்குள் குடிபோயின. காய் நறுக்க வேண்டுமென்றால் மனைவி கதவைச் சாத்திக்கொண்டு, திருடிபோல ஒரு கத்தியை எடுத்துவருவாள். தலைவலி மாத்திரைகூட அவன் சட்டைப்பையில்தான் இருந்தது. ராத்திரியில் துணைக்கு என்று மனைவி அக்காவின் அறையிலேயே படுத்தாள். அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். எதையும் கேட்கவில்லை. இவர்களும் சொல்லவில்லை. மூன்று பேரும் ஒருவருக்கொருவர் ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டார்கள், வீட்டுக்குள் மூச்சு முட்டியது.

இந்த நிலைமையில்தான் ஒருநாள் மருந்துக்கடையில் தொங்கிய காலண்டரை அக்கா உற்றுப் பார்த்தாள். சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு கோடாய், வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்த பாறைகளின் படம். “இந்த எடத்துக்குப் போய்ப் பாக்கணும்டா” என்றாள்.

மாமா போனதிலிருந்து அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் ஆசை. தம்பி சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவனோ படத்தில் பாறைகளின் உயரத்தைத்தான் பார்த்தான். உலகத்தில் எத்தனையோ இடம் இருக்கிறது. பூங்கா இருக்கிறது, மிருகக்காட்சி சாலை இருக்கிறது. இவள் ஏன் பார்த்துப் பார்த்து, விழுந்தால் எலும்புகூடத் தேறாத இடமாகக் கேட்கிறாள்?

“வேண்டாம்னு சொல்லிடட்டுமா?” என்று மனைவியிடம் கேட்டான்.

“சொன்னா, ஏன் வேண்டாம்னு அண்ணி கேப்பாங்க. என்ன பதில் சொல்வீங்க?”

அதனால் இரண்டு டிக்கெட் எடுத்தான்.

விடிந்தும் விடியாமலும் சுற்றுலா வேன் தெருமுனைக்கு வந்துவிட்டது. ரொட்டி, அவித்த முட்டை, வாழைப்பழம், பிளாஸ்கில் டீ எல்லாம் மனைவி கட்டிக் கொடுத்தாள். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு, “வரேம்மா” என்றாள். தம்பிக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

இதில் நிம்மதிக்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இந்தக் குடும்பத்தில் ‘போறேன்’ என்பது கெட்ட வார்த்தைக்குச் சமம். பல் தேய்க்கக் கிளம்பினாலும் ‘தேச்சுட்டு வரேன்’ என்றுதான் சொல்ல வேண்டும். வாய்தவறி ‘போறேன்’ என்றுவிட்டால், அம்மா விடமாட்டாள். செருப்பைக் கழற்றி, உள்ளே வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, ‘வரேன்’ என்று ஒழுங்காகச் சொன்னால்தான் மறுபடி வாசலைத் தாண்டலாம். இதனால் அக்காவும் தம்பியும் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போய் அடி வாங்கியதுண்டு. அத்தனை கெடுபிடி செய்த அம்மாவே ஒரே ஒருமுறை அந்த வார்த்தையைச் சொன்னாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில், தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் போறேன்டா” என்றாள். சொன்னபடியே போனாள். அன்றிலிருந்து அந்த வார்த்தை காதில் விழுந்தாலே அவனுக்கு நெஞ்சு பக்கென்றாகும்.

வேனில் அக்காவை ஜன்னலோரம் உட்காரவைத்தான். பிறகு ஜன்னல் அகலமாகத் திறக்கிறது என்று பார்த்துவிட்டு, தான் ஜன்னலோரம் மாறிக்கொண்டான். “எனக்குக் குமட்டுதுக்கா, காத்து வேணும்” என்று பொய் சொன்னான். அக்கா இடம் மாறினாள். வழியெல்லாம் அவள் இவன் தோளுக்கு மேலாக எட்டி எட்டி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் இவன் நகரவில்லை.

வயல்கள் முடிந்து, புதர்கள் முடிந்து, ஒன்றுமே இல்லாத பொட்டல் வந்தது. அந்தப் பொட்டலின் நடுவில், யாரோ விளையாடிவிட்டு எடுத்துவைக்க மறந்துபோனவைபோலப் பாறைகள் நின்றன. ஒன்று காளான்மாதிரி, மெல்லிய தண்டின்மேல் பெரிய தலையோடு. ஒன்றின் உச்சியில் வீட்டளவு குண்டுக்கல் ஒன்று, விழப்போகிற நிலையில் விழாமல் உட்கார்ந்திருந்தது. சில பாறைகள் சுவர்களாக ஒன்றை ஒன்று நெருங்கி நின்றன. அவற்றுக்கு இடையே ஆள் நடக்கும் அகலத்தில் சந்துகள். சந்துக்குள்ளே சந்து. அடியிலிருந்து நுனிவரை சிவப்பு, வெள்ளை, காவி என்று வரி வரியாக நிறம்.

வேனில் வந்தவர்கள் ‘ஓ’ என்றார்கள். தம்பி குண்டுக்கல்லைப் பார்த்து, “இதுக்கு அடியில முட்டு ஏதும் குடுத்திருக்காங்களா?” என்று வழிகாட்டியிடம் கேட்டான்.

வழிகாட்டி அகலத் தொப்பியும் கழுத்தில் விசிலுமாக இருந்த ஒல்லி மனிதர். “பல லட்சம் வருஷமா நிக்குது சார். இன்னிக்கு நீங்க வருவீங்கன்னு காத்திருந்து விழாது” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். தம்பி அதைக் கவனிக்கவில்லை. வழியோரத்து இரும்புக் கைப்பிடியை இரண்டு கையாலும் ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதுதான் அன்றைக்கு அவன் செய்த முதல் தப்பு. அன்று முழுவதும் அக்காவின் முகத்தில் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துகொண்டிருந்ததை வேனிலிருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள், கூடவே இருந்த இவன் ஒருவன்தான் பார்க்கவில்லை. இவன் கண் முழுக்க அவள் கால்மேல் இருந்தது. விளிம்புக்கும் அவள் செருப்புக்கும் எவ்வளவு இடைவெளி என்பதே இவனுக்குக் காட்சி.

“ஆமைப் பாறை” என்று வழிகாட்டி ஒன்றைக் காட்டினார். “அது ராஜா. அந்தப் பக்கம் ரெண்டும் மாமியார் மருமக, பாருங்க, ஒண்ணை ஒண்ணு பாக்காம நிக்குதுங்க.”

“அது மாமியார் மருமக இல்லீங்க” என்றாள் அக்கா. “கடைவாய்ப்பல். மேல பாருங்க, நடுவுல குழிஞ்சு நாலு முனை. வேர் ரெண்டா பிரிஞ்சிருக்கு. பக்கத்துல இருக்கிறது சொத்தை.”

வழிகாட்டி தொப்பியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். “அட ஆமாம்!”

அதன்பிறகு அவருக்குக் குஷி வந்துவிட்டது. ஒவ்வொரு பாறைக்கும் தன் பெயரைச் சொல்லிவிட்டு, “அம்மா, இது?” என்று அக்காவைக் கேட்டார். அக்கா, இது கோரைப்பல், இது பால்பல், இது வெத்திலை போட்ட பல், இது பெரிய மனுஷன் கட்டின தங்கப்பல் என்று வரிசையாகச் சொன்னாள். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி அவளோடு நின்று படமெடுத்துக்கொண்டது. படமெடுக்க அவள் ஓரடி பின்னால் நகர்ந்தபோது தம்பி பாய்ந்துபோய் அவள் கையைப் பிடித்தான். பின்னால் இருந்தது முழங்கால் உயரப் பள்ளம். ஜோடி சிரிப்பை அடக்கிக்கொண்டது. அக்கா சிரிக்கவில்லை. கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

மத்தியானம் ஒரு பாறைநிழலில் எல்லோரும் உட்கார்ந்து கட்டிக்கொண்டு வந்ததைப் பிரித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை அவள் கீழே வைத்ததும் தம்பி, “ஒரு நிமிஷம் குடுங்க” என்று வாங்கி, அது தேவையே இல்லாத ஒரு வாழைப்பழத்தை நறுக்கி, கத்தியைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டான். அக்கா முட்டையை உரித்துக்கொண்டே அவனைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“தம்பி.”

“என்னக்கா?”

“ஒண்ணுமில்ல. சாப்பிடு.”

சாப்பிட்ட பிறகு அவள் போன் அடித்தது. எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போனாள். “ஆமாங்க... இல்லீங்க... யோசிச்சுட்டேன்” என்று துண்டுதுண்டாகக் கேட்டது. தம்பி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். யோசிச்சுட்டேன் என்றால்? என்னத்தை?

வழிகாட்டி விசில் அடித்தார். “இனிமே சந்துக்குள்ள போகப்போறோம். ரெண்டு வழி இருக்கு, ரெண்டும் அந்தப் பக்கம் ஒண்ணா சேரும். அங்கேருந்து படி ஏறினா உச்சிமேடை. அங்க மட்டும் பாத்து நில்லுங்க, கைப்பிடி கிடையாது.”

கைப்பிடி கிடையாது. தம்பிக்கு அதற்குமேல் அவர் சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை. இந்த நேரம் பார்த்து அவனுடைய செருப்பு வார் வேறு கழன்றுகொண்டது. குனிந்து மாட்டி நிமிர்ந்தபோது அக்காவைக் காணோம்.

“அக்கா!”

“இந்தப் பக்கம் இருக்கேன்டா” என்று குரல் பாறைச்சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. அவள் அடுத்த சந்தில் நுழைந்திருந்தாள். நடுவில் இரண்டாள் உயரத்துக்குக் கல்.

“நில்லுக்கா, நான் வரேன்!”

“நீ அதுலயே வா. அந்தப் பக்கம் சேந்துக்கலாம்.”

அவள் குரலைப் பிடித்துக்கொண்டே தம்பி நடந்தான். கல்லுக்கு அந்தப் பக்கம் அவள் ஏதோ பேசிக்கொண்டே வந்தாள். முன்னால் போன ஜோடி கூச்சல் போட்டு எதிரொலியோடு விளையாடிக்கொண்டிருந்தது. அதனால் பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை. ‘உனக்கும் அவளுக்கும் எவ்வளவு கஷ்டம்’ என்றது கேட்டது. ‘இனிமே தொந்தரவு இல்ல’ என்றது கேட்டது. பிறகு எதிரொலி எல்லாவற்றையும் மூடிக்கொண்டது. அது அடங்கியபோது, வெட்டிவைத்ததுபோலத் தெளிவாக ஒன்று வந்து விழுந்தது.

“நான் போறேன்டா.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் சத்தமே இல்லை.

தம்பி பாறைச்சுவரைத் தட்டினான். “அக்கா!” என்று கத்தினான். பதில் இல்லை. “அக்கா! வேண்டாம்கா!” பாறைகள் திருப்பித் திருப்பி ‘வேண்டாம்கா’ என்றன. ஓடினான். சந்து வளைந்தது, பிரிந்தது, மறுபடி பிரிந்தது. எதிரே வந்த பெரியவரைத் தள்ளிக்கொண்டு ஓடினான். “எங்கக்கா போயிட்டா, எங்கக்கா போயிட்டா” என்று வாய் தன்பாட்டுக்குப் புலம்பியது. அவனுக்குக் கண்முன்னால் கைப்பிடி இல்லாத மேடையும், விளிம்பில் இரண்டு செருப்பும்தான் தெரிந்தன. கையில் இன்னும் அந்த ஆப்பிள்காரியின் கத்தி வேறு இருந்தது. பார்த்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டதில் ஆச்சரியமில்லை.

ஒரு இடத்தில் பாறை பிளந்து, அந்தப் பக்கத்து வெளிச்சம் கீற்றாகத் தெரிந்தது. சுற்றிக்கொண்டு போக நேரமில்லை. கத்தியைக் கீழே போட்டுவிட்டு, பக்கவாட்டில் அந்தப் பிளவுக்குள் நுழைந்தான். தலை போயிற்று, தோள் போயிற்று. வயிறு போகவில்லை. வயிற்றை எக்கிக்கொண்டு உந்தினான். போயிற்று, ஆனால் பாதி. முன்னால் போக இடமில்லை. பின்னால் வர முடியவில்லை. மூச்சை இழுத்தால் பாறை இடுப்பைக் கவ்வியது. ஊர் லிப்டுகளில் மாட்டிக்கொண்ட எத்தனையோ பேரைக் காப்பாற்றியவன், ஒரு கையை இந்தப் பக்கமும் ஒரு கையை அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டு நின்றான். அப்புறம் விக்கி விக்கி அழ ஆரம்பித்தான். வெட்கமெல்லாம் இல்லை. அவளை விட்டுவிட்டோம், கடைசியில் கோட்டைவிட்டுவிட்டோம் என்ற ஒன்றுதான் மனதில் ஓடியது.

“என்னடா கோலம் இது?”

வெளிச்சம் வந்த பக்கத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். கையில் தண்ணீர் பாட்டில். பின்னால் தொப்பியும் விசிலுமாக வழிகாட்டி.

தம்பி நீட்டிய கையால் அவள் முழங்கையை எட்டிப் பிடித்துக்கொண்டான். நிஜமான முழங்கைதானா என்று பார்ப்பவன்போல அழுத்திப் பிடித்தான்.

வழிகாட்டி முன்னும் பின்னும் பார்த்தார். “வாரத்துக்கு ஒருத்தர் இப்படி மாட்டிப்பாங்க. பயப்படாதீங்க. ஆபீஸ்ல சோப்புத்தண்ணியும் இன்னொரு ஆளும் இருக்கு, கூட்டியாறேன். அதுவரைக்கும் ஆடாம இருங்க சார். ஆடினா இறுகும்.” அவர் ஓட்டமும் நடையுமாகப் போனார்.

அக்கா ஒரு கல்லில் உட்கார்ந்தாள். “வழி இருக்கிறப்ப இதுக்குள்ள ஏன்டா பூந்த?”

“நீதான்... நீதான் போறேன்னு சொன்னியே!”

“எங்க?”

“அங்க. சந்துல. நான் போறேன்டான்னு. அம்மா மாதிரியே.”

அக்காவுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு, “வேலைக்குடா!” என்றாள். “லேப்ல ஆள் பத்தல, வாங்கன்னு ஓனர் ரெண்டு வாரமா கூப்பிட்டுட்டு இருக்காரு. திங்கக்கிழமைலேருந்து வேலைக்கு நான் போறேன்டான்னு சொன்னேன். நீ ஒண்ணும் பேசல. சரி, கோவமாக்கும்னு நானும் பேசாம வந்துட்டேன். அப்புறம் கேட்ட கத்தல் அந்த ஜோடியோடதுன்னு நினைச்சேன். வேலைக்குப் போறேன்னு சொல்லாம, வேலைக்கு வரேன்னாடா சொல்லுவாங்க?”

தம்பி திருதிருவென்று விழித்தான். அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. அவன் அழுத முகத்தை, பிளவின் அடிவழியே அந்தப் பக்கம் தெரிந்த கத்தியை, தன் முழங்கையை விடாமல் பிடித்திருந்த அவன் விரல்களை மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

“ஓ” என்றாள். “அதுக்குத்தானா எல்லாம்? கத்தி, தாழ்ப்பாள், மாடிக்கதவு, எல்லாம்?”

தம்பி தலையாட்டினான். தலையாட்ட மட்டும்தான் அங்கே இடம் இருந்தது.

“நான் என்ன நினைச்சேன் தெரியுமாடா?” என்றாள் அக்கா. “என் கையால நறுக்கினத நீங்க சாப்பிட விரும்பலன்னு நினைச்சேன். புருஷனத் தின்னவ கை படக்கூடாதுன்னு கத்திய ஒளிச்சு வெக்கிறீங்கன்னு நினைச்சேன். உன் பொண்டாட்டி ராத்திரி என் ரூம்ல படுக்குறது, நான் எதையும் எடுத்துட்டுப் போயிடாம காவலுக்குன்னு நினைச்சேன். இத்தன மாசமா அப்படி நினைச்சுட்டேதான்டா உங்க வீட்டுச் சோத்தத் தின்னேன்.”

“ஐயோ அக்கா!”

“வாயத் தொறந்து கேட்டிருக்கலாம்ல?”

“பயமா இருந்துச்சு.”

“எதுக்குப் பயம்?”

“ஆமான்னு சொல்லிட்டீன்னா?”

அக்கா பாட்டிலைத் திறந்து அவன் வாயில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினாள். பாதி சட்டையில் வழிந்தது. பிறகு, “இப்ப கேளு” என்றாள். “இப்ப நீயும் ஓட முடியாது. கேளு.”

தம்பி பாறையில் நெற்றியை வைத்துக்கொண்டான். வாழ்க்கையில் இவ்வளவு கஷ்டமான ஒரு காரியத்தை அவன் செய்ததில்லை.

“அன்னிக்கு மழையில... மொட்டை மாடியில... நீ சாகவாக்கா போன?”

“ஆமா” என்றாள் அக்கா. “அன்னிக்கு நான் துணியே துவைக்கல.”

தம்பி கண்ணை மூடிக்கொண்டான். அவனுடைய பயம் பைத்தியக்காரத்தனம் இல்லை, நிஜம்தான் என்று தெரிந்ததில் அவனுக்கு ஆறுதல் ஏதும் கிடைக்கவில்லை.

“சொவத்துமேல கைய வெச்சுட்டு நின்னேன்” என்று அக்கா நிதானமாகச் சொன்னாள். “கீழ ஒருத்தன் ஸ்கூட்டர ஸ்டார்ட் பண்ண முடியாம உதைச்சுக்கிட்டே இருந்தான். மழையில நனைஞ்சுக்கிட்டு, திட்டிக்கிட்டு, உதைக்கிறான், உதைக்கிறான். இவன் எப்பத்தான் கெளம்புவான்னு பாத்துக்கிட்டே நின்னுட்டேன். அவன் கெளம்பிப் போனப்புறம் எனக்குக் குளுருச்சு. கீழ வந்துட்டேன். அவ்ளோதான். பெரிய காரணம்னு ஒண்ணும் கெடையாது.”

“இப்ப?”

“இப்ப இல்ல.”

“நெஜமாவா?”

“மறுபடி அப்படித் தோணவே தோணாதுன்னு எழுதிக் குடுக்க முடியாதுடா. ஆனா இப்ப இல்ல. அந்தக் காலண்டரப் பாத்தேன்ல, பல்லு பல்லா இருந்துச்சு. சிரிப்பு வந்துச்சு. அவரு போனப்புறம் மொத மொதலா வந்த சிரிப்பு. நேர்ல பாத்தா இன்னும் வரும்னு தோணுச்சு. அதுக்குத்தான் இங்க கூப்பிட்டேன். நீ என்னடான்னா நாள் பூரா என் காலையே பாத்துட்டு இருக்க.”

வழிகாட்டி சோப்புத்தண்ணீர் வாளியோடும் இன்னொரு தடியான ஆளோடும் வந்து சேர்ந்தார். இருவரும் இடுப்பில் தண்ணீரை ஊற்றி, “மூச்ச வெளிய விடுங்க சார், இன்னும், இன்னும்” என்று சொல்லிக்கொண்டே இழுத்தார்கள். அக்கா பக்கத்தில் நின்று, “நேரா இழுக்காதீங்க, ஒரு பக்கமா சாச்சு எடுங்க, வாய்லேருந்து அச்சு எடுக்கிற மாதிரி” என்று மேஸ்திரி வேலை பார்த்தாள். சட்டைப் பொத்தான்கள் தெறித்தன. வயிற்றுத் தோல் உரிந்தது. வெளியே வந்து விழுந்த தம்பியைப் பார்த்துக் கூடிநின்ற கூட்டம் கைதட்டியது. கத்தியைத் தொலைத்த ஆப்பிள்காரி மட்டும் கைதட்டவில்லை.

உச்சிமேடைக்கு மற்றவர்கள் ஏறினார்கள். “நான் பாத்துட்டு வரட்டுமா?” என்று அக்கா கேட்டாள். தம்பிக்கு உடம்பெல்லாம் ‘வேண்டாம்’ என்றது. “சரி” என்றான். வயிற்றில் கைக்குட்டையை வைத்து அழுத்திக்கொண்டு, படியின் அடியில் உட்கார்ந்து, அவள் இறங்கி வரும்வரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இறங்கி வந்தவள், “மேலேருந்து பாத்தா முழு வாய்டா” என்று மட்டும் சொன்னாள்.

திரும்பும்போது அவளை ஜன்னலோரம் உட்காரவைத்தான். அவள் கண்ணாடியை முழுக்கத் திறந்து காற்றில் முகத்தை வைத்துக்கொண்டாள். இருட்டத் தொடங்கும் நேரத்தில் வேன் நகரத்துக்குள் நுழைந்தது. தம்பி வீட்டுக்கு முன்னால் வருவது அக்கா குடியிருந்த தெரு. அந்த முனை நெருங்கும்போது அவள் எழுந்து, “டிரைவர் தம்பி, இங்க ஒரு நிமிஷம் நிறுத்துங்க” என்றாள்.

“என்னக்கா இங்க?”

“என் வீட்டுக்குடா.”

“இன்னிக்கேவா? வீடு பூட்டிக் கெடக்கு. ஒரே தூசியா இருக்கும். உன் துணியெல்லாம் எங்ககிட்ட இருக்கு.”

“பீரோல பழசு இருக்கு. மத்தத நாளைக்குக் கொண்டா.”

“நானும் மேல வரேன். லைட் எரியுதான்னு பாத்து, தண்ணி வருதான்னு பாத்து...”

“நீ வந்தீன்னா பால்கனிக் கதவப் பூட்டி சாவிய எடுத்துட்டுப் போவ.” கிண்டலாகத்தான் சொன்னாள், ஆனால் கண் கலங்கியிருந்தது. குனிந்து அவன் காதருகே, “மறுபடி எப்பவாவது அப்படித் தோணுச்சுன்னா உனக்குத்தான் மொதல்ல போன் பண்ணுவேன். நடுராத்திரின்னாலும் பண்ணுவேன். சத்தியம். ஆனா நீயும் கேக்கணும். ஒளிக்கக் கூடாது, கேக்கணும்” என்றாள்.

அவன் தலையாட்டினான். அவள் இறங்கினாள். டிரைவர் கண்ணாடியில் இவனைப் பார்த்து, “கெளம்பலாமா சார்?” என்றார். தம்பி முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தான். அக்கா கட்டிட வாசலில் கீழ்வீட்டு அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். அவன் உட்கார்ந்தான். “எடுங்க” என்றான்.

வேன் நகர்ந்த கொஞ்ச நேரத்தில் மனைவி போன் செய்தாள். “எங்க வந்துட்டீங்க? அண்ணிக்கும் சேத்து சாப்பாடு எடுத்து வெக்கட்டுமா?”

“அக்கா அவ வீட்ல எறங்கிட்டா.”

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது. “தனியாவா? உங்களுக்கு என்ன கிறுக்கா? கேட்டீங்களா அவங்கள?”

“கேட்டேன்.”

“என்னன்னு கேட்டீங்க?”

“நேராவே கேட்டேன். அன்னிக்கு நெஜந்தானாம். இப்ப இல்லியாம்.”

மனைவி அழுவது கேட்டது. மாதக்கணக்கில் அக்காவின் மூச்சுச்சத்தத்தை எண்ணிக்கொண்டு தூங்காமல் படுத்திருந்தவள் அவள். பிறகு, “மறுபடி தோணுச்சுன்னா?” என்று கேட்டாள்.

“போன் பண்றேன்னு சொல்லியிருக்கா.”

“பண்ணலன்னா?”

வேன் அடுத்த முக்கில் திரும்பியது. அக்காவின் தெரு பின்னால் போய்விட்டது. தம்பி கழுத்தைத் திருப்பி, தெரு மறைந்த பக்கத்தையே பார்த்தான்.

“பண்ணுவா” என்றான். சொல்லும்போது அவன் குரல் நடுங்கியது. ஆனாலும் அவன் வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை.